முதலும் வட்டியும்

முதலைக் குளத்துச் சுவரோரம் பத்து நிமிஷம் நின்றால் ஒரே கேள்வி நாலு தடவை காதில் விழும்: 'உயிரோட இருக்கா, பொம்மையா?' பதில் தெரிந்துகொள்ள யாராவது கல் தேடுவார்கள்.

நம் ஜனங்களுக்கு மிருகக்காட்சிசாலை என்றால் குரங்கு சேட்டை பண்ணணும், புலி உறுமணும். மணிக்கணக்காக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் முதலை, 'டிக்கெட் காசு தண்டம்'. அது வாயைப் பிளந்திருப்பது பெரும்பாலும் உடம்புச் சூட்டைத் தணிக்க. இப்படி அசையாமல் கிடப்பதால்தான் வாரக்கணக்கில் சாப்பிடாமலும் தாக்குப்பிடிக்கிறது. சோம்பேறி இல்லை, சிக்கனம்.

மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையின் ஆங்கிலப் பெயர் 'க்ரோகடைல் பேங்க்'. 1976-ல் ரோமுலஸ் விட்டேகரும் ஸாய் விட்டேகரும் ஆரம்பித்தது. தோலுக்காகக் கொன்று கொன்று இந்திய முதலைகள் அருகிப்போயிருந்த சமயம். 'பேங்க்' என்ற பெயரில் அர்த்தம் இருந்தது. கொஞ்சம் முதலைகளை டெபாசிட் செய்வது, பெருக்குவது, பிறகு எடுத்து ஆறுகளில் விடுவது.

டெபாசிட் பிரமாதமாக வேலை செய்தது. நம் ஊர்ச் சதுப்புநில முதலை (மக்கர் என்பார்கள்) இங்கே வருஷத்துக்கு இரண்டு தடவைகூட முட்டையிட்டது. முட்டை இருக்கும் இடத்தின் சூடுதான் குட்டி ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. 30 டிகிரி என்றால் பெண், 32.5-ஐ ஒட்டி இருந்தால் ஆண். மக்கரிடம் இதைப் பற்றிய முக்கியமான ஆராய்ச்சியும் இங்கே நடந்தது.

ஆக, வட்டி நிஜமாகவே குட்டி போட்டது. சிக்கல், பணத்தை எடுக்கப் போகும்போதுதான். விடுவதற்கு ஆறு எங்கே? தன் ஊர் ஏரியில் முதலையை விட யார் சம்மதிப்பார்? ஆடு மாடு குளிப்பாட்டுகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. பண்ணையிலோ இட நெருக்கடி. கடைசியில் 1000 மக்கர்களை குஜராத் ஜாம்நகரில் உள்ள தனியார் மையத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அதை எதிர்த்த வழக்கை 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு பேங்கிலிருந்து இன்னொரு பேங்குக்கு ட்ரான்ஸ்ஃபர். ஆற்றுக் கணக்கில் வரவு பூஜ்யம்.

கரியல் கதை இன்னும் பரிதாபம். நீள மூக்கோடு மீன் பிடித்துத் தின்னும் வடநாட்டு முதலை. ஆணுக்கு மூக்கு நுனியில் குட்டிப் பானை மாதிரி ஒரு புடைப்பு. மத்திய அரசின் முதலைத் திட்டம் 1975-ல் துவங்கியது. பண்ணைகளில் வளர்த்த கரியல்கள் சம்பல் முதலான ஆறுகளில் ஆயிரக்கணக்கில் விடப்பட்டன. அப்படியும் 2007-ல் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 'மிகவும் ஆபத்தான நிலை'க்கு வந்துவிட்டது. 2007-08 குளிர்காலத்தில் சம்பலில் நூற்றுக்கு மேல் செத்தன, சிறுநீரகம் கெட்டு.

கரியலுக்கு ஓடுகிற ஆழமான தண்ணீர் வேண்டும், முட்டையிட மணல்திட்டு வேண்டும். தண்ணீரை அணை பிடித்துக்கொள்கிறது, மணலை லாரி அள்ளிக்கொள்கிறது. பொரிப்பகத்தில் எத்தனை குட்டி பொரித்து என்ன?

என் புகார் முதலை வளர்ப்பவர்கள் மேல் இல்லை. அவர்கள் பாதி வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டார்கள். புகார், பொதுவாக நம் மிருகக்காட்சிசாலைகளின் போர்டுகள் மேல். விலங்கியல் பெயர், உணவு, ஆயுள் என்று பயோடேட்டா மாதிரி எழுதிவைக்கிறார்கள். படித்துவிட்டு, 'பரவாயில்லை, இங்கே பத்திரமா இருக்கு' என்று நிம்மதியாக ஐஸ்க்ரீம் சாப்பிடப் போகிறோம். அந்த நிம்மதிதான் தப்பு.

போர்டில் இன்னும் மூன்று வரி சேர்க்கட்டும். இதன் ஆறு எது, அந்த ஆற்றில் இன்று எத்தனை மிச்சம், இங்கே பிறந்ததில் எத்தனை திரும்பிப் போயிற்று. பேங்க் என்றால் பாஸ்புக் காட்ட வேண்டாமா? டிக்கெட் வாங்கிய நாமும் டெபாசிட்தாரர்கள்தான்.