அகங்கண்ட ஓவியர்

போர்க்களமும் தெய்வக் கதையும் வரலாறும் ஓவியத்தின் உயர்ந்த பொருள்கள் என்றும், அன்றாட வாழ்க்கை தாழ்ந்த பொருள் என்றும் பிரெஞ்சுக் கலைக்கழகம் நெடுங்காலம் வகுத்து வைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசு நகரத்து ஓவியர் சிலர் அத்தாழ்ந்த பொருளையே விரும்பி எடுத்தனர். தொட்டிலும் தையலும் சாப்பாட்டு மேசையும் அவர்தம் தூரிகையில் இடம்பெற்றன. எனினும், அவ்வோவியங்கள் இனியவை, மென்மையானவை, வீட்டின் அமைதியைக் காட்டுவதோடு நின்றுவிடுபவை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அருகிற் சென்று காண்பார்க்கு அவ்வெண்ணம் நிலைக்காது.

பெர்த் மொரிசோ 1872இல் தீட்டிய 'தொட்டில்' இதற்கு நல்ல சான்று. தொட்டிலில் குழந்தை பிளான்ஷ் உறங்குகிறது. அருகில் அமர்ந்து நோக்கும் தாய் எட்மா, ஓவியரின் தமக்கை. தாயின் ஒரு கை மடங்கிக் கன்னத்தைத் தாங்குகிறது. குழந்தையின் கையும் அவ்வாறே மடங்கிக் கிடக்கிறது. மற்றொரு கையால் தாய் மெல்லிய திரையைப் பற்றிக் குழந்தையைக் காண்போரிடமிருந்து மறைக்கிறாள். பார்வை ஒன்றே இருவரையும் பிணைக்கிறது.

இவ்வளவே எனின் இஃது இனிய ஓவியம். வேறொன்றும் இதில் இருக்கிறது. தமக்கையும் தங்கையும் கோரோ என்னும் ஓவியரிடம் ஒருங்கே பயின்றவர்கள். 1864இல் பாரிசின் அரசுக் கண்காட்சியில் இருவர் ஓவியங்களும் இடம்பெற்றன. 1869இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்த எட்மா, ஓவியத் தொழிலைக் கைவிட்டார். ஆகவே இங்கே தூரிகையைத் தொடர்ந்து பிடித்தவள், அதைக் கீழே வைத்தவளை வரைகிறாள். அம்முகத்தில் அன்பு உண்டு, அயர்வும் உண்டு, எங்கோ செல்லும் நினைவின் சாயலும் உண்டு. மொரிசோ இல்லத்தை வரைந்தது விருப்பத்தால் மட்டும் அன்று. அரசின் ஓவியப் பள்ளி மகளிரை 1897 வரை சேர்த்துக்கொள்ளவில்லை. ஆண் ஓவியர் தனித்து அமர்ந்து வரைந்த காப்பிக் கடைகளில் நற்குடிப் பெண் தனியே சென்று அமர்தல் இயலாது. அடைத்த கதவுக்குள்ளே அவர் ஓர் உலகைக் கண்டார் என்பதே அவர் வெற்றி.

அமெரிக்காவிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த மேரி கசாட்டின் 'குழந்தையின் குளியல்' 1893இல் எழுந்தது. கோடிட்ட ஆடை அணிந்த பெண்ணொருத்தி குழந்தையை மடியில் இருத்தி, அதன் பாதத்தைக் கழுவுகிறாள். 1890இல் பாரிசில் நடந்த சப்பானிய அச்சோவியக் கண்காட்சி கசாட்டின் உள்ளத்தைக் கவர்ந்தது. மேலிருந்து நோக்கும் பார்வையும் தட்டையான வண்ணப் பரப்பும் அதன் பயன். இதில் எவரும் புன்னகை செய்யவில்லை. எவரும் நம்மை நோக்கவும் இல்லை. இருவர் கண்ணும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் இருக்கின்றன. அன்பு இங்கே ஒரு வேலையாக, பாதத்தைப் பற்றிய கையாக நிற்கிறது.

அதே 1893இல் எதுவார் வுய்யார் தம் தாயையும் தமக்கையையும் வரைந்தார். கரிய உடையில் தாய் நடுவே, முழங்காலில் கையூன்றி, மலைபோல் அமர்ந்திருக்கிறாள். தமக்கை மரியோ, அறைக்குள் இடம் போதாதவள்போலத் தலை கவிழ்ந்து சுவரோடு ஒட்டி நிற்கிறாள். அவள் ஆடையின் கட்டங்கள் சுவர்த்தாளின் புள்ளிகளோடு கலந்து, அவளைச் சுவர் விழுங்குவது போலத் தோன்றுகிறது. தந்தை மறைந்தபின் குடும்பத்தைத் தாங்கியது அத்தாயின் தையல் தொழில்; வீடே தொழிற்கூடம். அறையின் நடுவிடம் உழைத்துக் காத்தவளுக்கு உரியதாயிற்று. மகளுக்குச் சுவரே எஞ்சிற்று. மணம் செய்யாத வுய்யார் 1928இல் தாய் இறக்கும் வரை அவருடனேயே வாழ்ந்தார். தாயை வெறுத்தவர் தீட்டிய ஓவியம் அன்று இது. நெருங்கி வாழ்வோர் ஒருவரையொருவர் நெருக்கவும் கூடும் என்பதை அறிந்தவர் தீட்டியது.

இவற்றோடு ரெனுவாரின் 'பியானோ முன் இளம்பெண்கள்' என்னும் ஓவியத்தை ஒப்பிடுதல் தகும். வண்ணத்தில் அதற்குக் குறையில்லை. ஆனால் அதிலுள்ள இருவருக்கும் ஒரு துன்பமும் இல்லை. ஓர் எண்ணமும் இல்லை. இசையும் பட்டாடையும் பூவும் ஒன்றோடொன்று இசைந்து கிடக்கின்றன. அதனைப் பிரெஞ்சு அரசு 1892இல், தீட்டிய ஆண்டிலேயே வாங்கிக்கொண்டது. 1874இல் காட்சிக்கு வைத்தும் விலைபோகாத 'தொட்டில்', குடும்பத்தாரிடமே தங்கி, 1930இல்தான் லூவர் அருங்காட்சியகத்தை அடைந்தது. இனிமையை உடனே அறிந்துகொண்ட கண்ணுக்கு உண்மையை அறிய ஐம்பத்தாறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

தமிழில் அகம் என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். வீட்டை மட்டும் வரைந்தவர் அந்நாளில் பலர். மொரிசோவும் கசாட்டும் வுய்யாரும் அவ்வீட்டினுள் இருந்த உள்ளத்தையும் வரைந்தனர். அன்பு எதைக் கொடுத்தது என்பதோடு, அன்புக்காக யார் எதை இழந்தார் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. சிறு பொருளைப் பெரும் பொருளாக்கியது அந்த நேர்மையே.