எழுத்தா, எழுத்தின் படமா?

ஒரு நூலை விமர்சிக்கையில் அச்சுப்பிழையிலிருந்து அட்டைப்படம் வரை பேசுகின்றோம். நூல்களைத் தாங்கிநிற்கும் இணையத்தளத்தை மட்டும் 'நல்ல முயற்சி' என்று பாராட்டி விட்டுவிடுகின்றோம். அது போதாது என்பதே எனது அபிப்பிராயம்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு பயின்ற நண்பரொருவர் பின்னாளில் பார்வையை இழந்தார். திரையிலுள்ளதைக் கணனி வாசித்துச் சொல்ல, அவர் காதால் வாசிக்கின்றார். நமது எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையை அவருக்குத் திறந்து கொடுத்தேன். அது பாமினி எழுத்துருவில் இடப்பட்டிருந்தது. 'அம்மா' என்ற சொல்லைக் கணனி 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றது. நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்விடத்தில் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தைக் குறிப்பிட வேண்டும். தொண்டர்கள் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, எழுத்தாகவே வழங்கினர். ஆரம்பத்தில் திஸ்கி குறிமுறையில் இருந்தவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினர். அந்தப் பராமரிப்பினால்தான் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை என் நண்பர் இன்று கேட்கின்றார். ஆனால் நூல்கள் பெரும்பாலும் நீண்ட ஒற்றைப் பக்கங்களாகவே கிடக்கின்றன. வேண்டிய இடத்துக்குச் செல்வது சிரமம்.

2005இல் ஆரம்பித்த நமது நாட்டின் 'நூலகம்' தளத்தின் பலம் ஒழுங்கு. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் என ஒவ்வொரு நூலுக்கும் தனிப்பக்கம் உண்டு. சஞ்சிகைகளின் உள்ளடக்கத்தையும் தட்டச்சிட்டுள்ளனர். இது சாதாரண உழைப்பல்ல. ஆயினும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் பக்கங்களின் படங்களே. கதையின் தலைப்பு நண்பருக்குக் கேட்கின்றது, கதை கேட்பதில்லை. படத்துக்குப் பதிலாக எழுத்தும் இருக்க வேண்டுமென 1999இல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டியே சொல்லிவிட்டது.

இவ்விரு தளங்களும் கூட்டு உழைப்பால் நிலைத்தவை. நம்மவர் பலரின் தளங்களோ தனியொருவரின் ஆர்வத்தில் நடப்பவை. அவர் ஓய்ந்தால், ஆண்டுக் கட்டணம் தவறினால், எழுத்தும் மறைந்துவிடும்.

எனவே இனித் தளமொன்று அறிமுகமாகும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். பார்வையற்றவர் இதை வாசிப்பாரா? தேடியது கைக்கு எட்டுமா? நடத்துபவருக்குப் பின் இதைக் காப்பவர் யார்? விடையில்லையெனில் நாம் திறந்திருப்பது நூலகமல்ல, பூட்டிய அலுமாரி.