சிறையும் சங்காரமும்

அடிமைமுறையின் பொருட்டு ஒரு நாடு தன்னுள்ளே தான் போரிட்டமைக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) உலகறிந்த சான்றாகும். அப்போரில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடபுலப் படையிற் சேர்ந்து போரிட்டனர். ஆங்கு போர் முன்னே சென்றது; அடிமை ஒழிப்பை அரசியல் யாப்பில் எழுதிய திருத்தம் அதன் பின்னே வந்தது. ஈழத்துத் தமிழர் வரலாற்றில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. இங்கு சட்டம் 1844இல் வந்தது. போர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிந்தி வந்தது. அவ்வாறு பிந்தி வந்த போரில் மட்டக்களப்பின் கலை வகித்த பங்கும், அப்பங்கினுள் உறைந்துள்ள மௌனமும் திறனாய்வுக்குரியன.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, கோவியர், நளவர், பள்ளர் முதலியோரை அடிமைகளாகக் கொண்ட யாழ்ப்பாணச் சமூகத்தின் வழக்கங்களுக்கு எழுத்துருவம் தந்தது. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். 1816 ஆகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் என்ற ஏற்பாடு அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால் உருவாயிற்று. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிமைமுறையை முற்றாக நீக்கியது. ஆயினும் விடுதலை பெற்றோர்க்கு அது ஒரு துண்டு நிலத்தையேனும் வழங்கவில்லை. நிலமும் கிணறும் கோயிலும் முன்னைய எசமானரிடமே எஞ்சின. அடிமை என்ற பெயர் நீங்கிற்று. குடிமை என்ற பெயரில் உறவு தொடர்ந்தது.

இவ்வுறவுக்கு எதிரான போர் 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு வெளிப்படையாயிற்று. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. சங்கானைத் தேநீர்க்கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் போராட்டம் நிகழ்ந்தது. இப்போராட்டம் தனக்கென ஒரு கலை இலக்கியத்தையும் ஈன்றெடுத்தது. என்.கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகம், சுபத்திரனின் ‘இரத்தக்கடன்’ கவிதைகள், சி. மௌனகுருவின் ‘சங்காரம்’, சற்றுப் பின்னர் கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) என்பன அவற்றுள் தலையாயவை. இவற்றுட் சுபத்திரனும் மௌனகுருவும் மட்டக்களப்பின் மைந்தர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

சங்காரம் திடீரெனத் தோன்றிய படைப்பன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மீட்டெடுக்க முனைந்தபோது, கிரானுக்கு அயலூரான வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் சென்று மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றில் ஆடிய மௌனகுரு, அவ்வடமோடி ஆட்டத்தை 1969இல் தீண்டாமை எதிர்ப்பின் கருவியாக்கினார். மன்னரின் கொலுவுக்கும் வீரரின் சமருக்கும் உரிய ஆட்டம், உழைக்கும் மக்களின் வரவுக்கு உரியதாயிற்று. பறையறைவோனும் ஏவலாளும் கதையின் ஓரத்தில் வந்துபோகும் களரியில், ஏவல் செய்வோரின் பிரதிநிதியே கதைத்தலைவனாக நடுவில் நின்றான். வடிவம் மாறாமல் அதன் உரிமையாளர் மாறிய இந்நிகழ்ச்சி ஈழத்து நாடக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். வடமோடியின் விறுவிறுப்பான தாளக்கட்டும் வீராவேசமும் போராட்டப் பொருளுக்கு இயல்பாகவே இயைந்தன.

எனினும் சங்காரத்தின் வலிமை எதுவோ அதுவே அதன் எல்லையுமாகும். சமுதாயத்தைப் பிணித்து வைத்திருக்கும் வர்க்கம், சாதி முதலியன அதில் அரக்கர்களாக உருவகிக்கப்படுகின்றன. இறுதியில் அவ்வரக்கர் சங்கரிக்கப்படுகின்றனர். உருவகம் ஒரு நீண்ட வரலாற்றை ஓரிரவிற் காட்ட வல்லது. ஆயின் அரக்கனுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, உறுதியில் எழுதிய காணி இல்லை. உண்மையில் அடிமைகொள்வோன் அரக்கனல்லன். அவன் கோயில் வண்ணக்கராகவோ, வயலுக்கு உரிய போடியாராகவோ, நன்மை தீமைக்கு முன்னிற்கும் பெரியவராகவோ ஊரில் மதிப்புடன் வாழ்பவன். முன்வரிசையில் அமர்ந்து அரக்கனின் வீழ்ச்சியைக் கண்டு அவனும் கைதட்டலாம். அவ்வரக்கன் தானே என அவன் உணரவேண்டிய கட்டாயம் நாடகத்தில் இல்லை.

இவ்விடத்தில் ‘கந்தன் கருணை’யும் டானியலின் நாவல்களும் வேறுபடுகின்றன. ரகுநாதனின் நாடகம் அடைக்கப்பட்ட கோயிற் கதவையே தன் பொருளாக்கிற்று. டானியல் அவ்வியக்கத்தில் நேரடியாகப் பங்குகொண்டவர். யாழ்ப்பாணக் கிராமத்தின் பேச்சும் பழக்கமும் அவர் எழுத்தில் ஊர்ப்பெயர்களோடு பதிவாயின. அவருடைய நாவல்களிற் கலைக்கட்டுக்கோப்புத் தளர்வுறும் இடங்கள் உண்டு. விவரணம் பாத்திரத்தை விழுங்கும் பகுதிகளும் உண்டு. ஆயினும், ஒடுக்குவோன் யார், ஒடுக்கப்படுவது எந்தக் கிணற்றடியில் என்ற வினாக்களுக்கு அவை விடை கூறாது நழுவுவதில்லை. கலைநயத்தால் சங்காரம் மேம்பட்டு நிற்க, சான்றுரைக்கும் துணிவால் டானியல் மேம்பட்டு நிற்கின்றார் எனலாம்.

மட்டக்களப்பைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு மேலும் பொருள் உடையது. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இற் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடிகளின் உரிமைகளையும் வரிசைகளையும் விரிவாக எடுத்துரைக்கும் நூல். குடிமைத் தொழில் புரிவோரைச் ‘சிறை’ எனச் சுட்டும் வழக்கு அம்மரபில் உண்டு. தமிழில் அச்சொல் காவலை மட்டுமன்றி, காவலில் அகப்பட்டு அடிமையானாரையும் குறிக்கும். கோயில் முன்னீட்டையும் குடிப்பெருமையையும் நிறுவுவதற்கு மான்மியத்தை எடுத்தாளும் ஆய்வாளர் பலர், இவ்வொரு சொல்லின் முன் தரித்து நிற்பதில்லை. சமுதாயம் சிறைப்பட்டதென மேடையிற் பாடிய மண்ணில், சிறை என்றே பெயர்பெற்ற மனிதர் களரிக்கு வரவில்லை.

இதற்கு இரு சமாதானங்கள் கூறப்படுவதுண்டு. மட்டக்களப்பில் யாழ்ப்பாணத்தின் கடுமை இல்லை என்பது ஒன்று. கடுமையின் அளவு வேறுபடலாம். ஆனால் மென்மையான அடிமைத்தனம் இலக்கியத்துக்குப் பொருளாகாது என்று எவரும் நிறுவியதில்லை. நேரடியாக அடிக்கும் கையைவிட, அன்போடு ஏவும் கையைச் சித்திரிப்பதே கலைஞனுக்குக் கடினமான பணி. மற்றையது, இனப் போராட்டக் காலத்தில் உட்பிளவுகளைப் பேசுதல் தகாது என்பது. டானியலின் ‘அடிமைகள்’ 1984இல் வெளிவந்தபோது வேறொரு போர் தொடங்கிவிட்டிருந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த அப்போரின் சுமையைக் கிரானும் அயலூர்களும் பிள்ளைகளை இழந்து சுமந்தன. அக்காலத்து மௌனத்துக்குக் காரணம் கூறலாம். போர் முடிந்த பின்னரும் தொடரும் மௌனத்துக்கு அக்காரணம் பொருந்தாது.

2000ஆம் ஆண்டுகளிற் சி. ஜெயசங்கர் முதலியோர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், பழைய கூத்துகளில் உறைந்துள்ள சாதி, பால் ஏற்றத்தாழ்வுகளை ஊரவரோடு சேர்ந்தே வினாவியது. அது சரியான திசை. பிரதியிலுள்ள ஏற்றத்தாழ்வோடு களரியின் ஏற்றத்தாழ்வும் ஆராயப்படவேண்டும். பறைமேளக்கூத்தை ஆடிக்காத்த சமூகத்தவர்க்கு வடமோடிக் களரியில் முடிபுனைய இடம் இருந்ததா? எந்தக் குடியினர் மத்தளத்துக்கு உரியர், எந்தக் குடியினர் பறைக்கு உரியர் என்று யார் வகுத்தார்? கூத்தைத் தமிழரின் தேசிய வடிவமாகப் போற்றுவோர் இவ்வினாக்களுக்கு முதலில் முகங்கொடுத்தல் வேண்டும்.

சங்காரம் 1969இற் செய்தது பெரிது. வடக்கின் போருக்குக் கிழக்கு தன் ஆட்டத்தையும் தாளத்தையும் ஈந்தது. அந்த ஈகை என்றும் நினைக்கப்படும். ஆனால் அயலவன் வீட்டுத் தளையை உடைக்கக் கோடரி கொடுத்தவன், தன் வீட்டுத் தளையையும் நோக்கக் கடமைப்பட்டவன். மான்மியத்தின் ‘சிறை’ ஒரு நாள் தன் பெயரோடும் ஊரோடும் களரியில் வரவுப் பாட்டுப் பாடுமாயின், அன்றே சங்காரத்தின் இறுதிக்காட்சி நிறைவுபெறும்.