வெள்ளித் தகடும் தாசில்தார் துப்பாக்கியும்

ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைபிளைச் சேகரிப்பாளர்கள் பெரிதாகப் போற்றுகிறார்கள். 1907-இல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக லெப்டினன்ட் கவர்னர் ஹூயட் அளித்த பரிசு என்று அதன் வெள்ளித் தகட்டில் பொறித்திருக்கிறது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்குள்ள புலி அது. ஆனால் இந்த ரைபிள் அதைச் சுடவில்லை; பரிசு வேட்டைக்குப் பின்தானே வந்தது!

1944-இல் வெளியான ‘குமாயூன் ஆட்கொல்லிகள்’ புஸ்தகத்தில் கார்பெட்டே ஒளிக்காமல் சொல்கிறார்: கைத் தோட்டாக்கள் தீர்ந்துபோய், தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கித்தான் கடைசி வெடியைச் சுட்டாராம். சகோதரியைப் புலிக்குப் பறிகொடுத்துப் பேச்சிழந்த பெண்ணையும் அவர் மறக்கவில்லை. தகட்டில் இரண்டு துரைமார் பெயர்தான் உண்டு. புஸ்தகத்தில் அந்தப் பெண்ணுக்கும் இடமிருக்கிறது. அதனால்தான் நான் அவரை வேட்டைக்காரர் என்பதைவிட எழுத்தாளர் என்றே மதிக்கிறேன்.