மறைத்துரைக்கும் மொழி: 'ரீஜன்சி' காதற் புதினங்களில் மர்மம்

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றமையால் அவருடைய மகன் பதிலாளராக ஆட்சி செலுத்திய 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்தைக் களமாகக் கொண்டவை 'ரீஜன்சி' காதற் புதினங்கள். ஜேன் ஆஸ்டின் அக்காலத்திலேயே வாழ்ந்து எழுதியவர். ஒரு நூற்றாண்டுக்குப்பின் அக்காலத்தை மீட்டமைத்தவர் ஜார்ஜெட் ஹேயர் (1902-1974). 1935இல் வெளியான 'ரீஜன்சி பக்' முதலாக இவ்வகையை அவர் நிலைபெறச் செய்தார். துப்பறியும் புதினங்களும் எழுதிய அவர், காதற் கதைகள் சிலவற்றில் கொலை, ஒற்று, களவு ஆகியவற்றையும் பின்னினார். இக்கலவையின் ஈர்ப்புக்கு உடை, நடனம், குதிரை வண்டி முதலிய காலப்புனைவே காரணம் என்று கூறுவதுண்டு. அதனினும் அடிப்படையான காரணம் மொழியில் உள்ளது.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் சான்று. இப்பகுப்பு ரீஜன்சி மர்மப் புதினத்தை விளக்கவும் துணைபுரிகிறது. இங்கு இருவகை மறைமொழிகள் அருகருகே இயங்குகின்றன. ஒன்று, உயர்குடியினரின் அடக்கப் பேச்சு. இடக்கரடக்கலுக்கு நெருங்கிய இப்பேச்சில் காதல் எளிதில் வெளிப்படச் சொல்லப்படுவதில்லை. மற்றொன்று, கள்வரின் குழூஉக்குறி. முன்னதில் மனம் மறைகிறது. பின்னதில் குற்றம் மறைகிறது. இரண்டையும் படித்தறியும் பயிற்சியை வாசகர் படிப்படியாகப் பெறுகிறார். அப்பயிற்சியே இவ்வகையின் தனிச்சுவை எனலாம்.

1954இல் வெளியான 'தி டோல்கேட்' இதற்குத் தக்க சான்று. போரிலிருந்து மீண்ட காப்டன் ஜான் ஸ்டேபிள், காவலர் காணாமற்போன ஒரு சுங்கச்சாவடியில் தாமே காவலராக அமர்கிறார். ஏற்ற வேடத்துக்கு அவருடைய பேச்சு பொருந்துவதில்லை. வழிப்பறிக்காரன் ஒருவனின் நட்பும் அவருக்குக் கிடைக்கிறது. அவன் பேச்சிலோ குழூஉக்குறி மலிந்துள்ளது. இவ்விரு மொழிகளுக்கும் இடையில் நின்றே களவுபோன பொற்காசுகளின் உண்மை தேடப்படுகிறது. ஆயினும் கண்டதும் காதல் தோன்றி, மர்மம் முடியுமுன்னரே திருமணமும் நிகழ்ந்துவிடுவதால், பிற்பகுதியின் சுமை முழுவதையும் குற்றக் கதையே தாங்க நேர்கிறது. 1946இல் வெளியான 'தி ரிலக்டன்ட் விடோ' இதற்கு மாறானது. நெப்போலியனுக்கு உதவும் ஒற்றர் கதையான அதில், ஆடம்பரப் பேச்சுடைய பிரான்சிஸ் செவியட்டின் கூர்மதியும், கார்லியன் பிரபுவின் காதலும் இறுதிவரை பேச்சிலேயே ஒளிந்திருக்கின்றன. இரு முடிச்சுகளும் ஒருங்கே நெகிழும் இவ்வமைப்பே சிறந்தது.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. அக்கால வழக்கில் குடும்பத்தார், மணம் உறுதிசெய்யப்பட்டோர் போன்ற நெருங்கியவர்களே முதற்பெயரால் அழைத்தனர். ஆதலின் பட்டப்பெயர் நீங்கி முதற்பெயர் வருமிடம் கதையின் திருப்பமாகிறது. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெரிந்தாக வேண்டும். 'நீ' ஓர் அதிகாரம் முந்தி வந்துவிட்டால், ஆசிரியர் காத்த மறைவு அழிந்துவிடும்.

குழூஉக்குறியின் நிலையும் இத்தகையதே. பிரான்சிஸ் குரோஸ் 1785இல் தொகுத்த கொச்சைமொழி அகராதியும், அதன் 1811ஆம் ஆண்டு விரிவாக்கமும் மொழிபெயர்ப்பாளர் பொருளறிய உதவும். ஆனால் அறிந்த பொருளை உடனே அடிக்குறிப்பில் தருதல் கொலையாளியின் பெயரை முன்னுரையில் அச்சிடுவதை ஒக்கும். சென்னைத் தெருப்பேச்சைப் பெய்தாலோ 1817ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சாலை மறைந்து மெரினா தோன்றும். இடஞ்சாராத பழந்தொழிற் சொற்களைக் கொண்டு, முதல்முறை புரியாமலும் மறுமுறை சூழலால் விளங்கவும் அமைப்பதே தக்க நெறியாகும். மூலத்தின் வாசகர் பெற்ற சிறு திகைப்பைத் தமிழ் வாசகரும் பெறுதல் வேண்டும். அத்திகைப்பை நீக்கிவிட்ட மொழிபெயர்ப்பில் கதை மட்டுமே எஞ்சும்.