ஸ்டெம் ஃபைல் வந்தாச்சு!

இதைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். நடுராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று, கம்ப்யூட்டரில் ஒரு ஜிப் ஃபைல் இறங்கி முடிகிறது, திறந்தால் உள்ளே ஒரு முழுப் பாட்டு துண்டு துண்டாகக் கிடக்கிறது. டிரம்ஸ் தனியே, பேஸ் தனியே, கிடார் தனியே, குரல் தனியே. குரல் ட்ராக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு ப்ளே பட்டனைத் தட்டுகிறீர்கள். ஒன்றுமே கேட்கவில்லை. பாட்டின் ஆரம்ப இசை ஓடவேண்டிய நேரமெல்லாம் சுத்த நிசப்தம். அப்புறம், பாட ஆரம்பிப்பதற்கு அரை விநாடி முன்னால், அந்தப் பாடகி மூச்சை உள்ளே இழுக்கிறாள் பாருங்கள்! அவள் ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறிய தாளச் சத்தம் 'டிக் டிக்' என்று சன்னமாகப் பின்னால் கேட்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பாட்டுக்கு எழுந்து ஆடியவர்கள் உண்டு, வெறும் மூச்சுக்கு எழுந்து நின்ற பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

ரீமிக்ஸ் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாக்காரர்கள் பழைய பாட்டுக்குப் புது பீட் போடுவது. 'நியூ' படத்தில் 'தொட்டால் பூ மலரும்', 'அழகிய தமிழ் மகன்' படத்தில் 'பொன்மகள் வந்தாள்', ரெண்டையும் ரஹ்மானே செய்தார், நாம் டீக்கடையில் உட்கார்ந்து பழசு பெட்டரா புதுசு பெட்டரா என்று சண்டை போட்டோம். அதெல்லாம் பெரிய கைகள் செய்கிற காரியம், நமக்கு வேலை இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ரீமிக்ஸ் போட்டி என்று ஒன்று இருக்கிறது, பாட்டுக்குச் சொந்தக்காரனே குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பிரித்து, "இந்தா, எடுத்துக்கோ, உனக்குப் பிடித்த மாதிரி செய்" என்று ஊர் பேர் தெரியாத ஆளிடம் நீட்டுவான் என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் துண்டுகளுக்குத்தான் ஸ்டெம் என்று பெயர். எல்லாத் துண்டுமே பாட்டின் முதல் புள்ளியிலிருந்து தொடங்கும், அதனால் ஒன்றின் கீழ் ஒன்றாக இழுத்துப் போட்டாலே கச்சிதமாகச் சேர்ந்துகொள்ளும். நிமிஷத்துக்கு எத்தனை பீட், என்ன ஸ்ருதி என்பதும் பெரும்பாலும் கூடவே எழுதி வரும். லண்டன் ஸ்டூடியோக்காரனுக்கும் அதே ஃபைல், எனக்கும் அதே ஃபைல். உன் அப்பா யார், எந்த இசைப் பள்ளி, யார் சிபாரிசு, எதுவும் கேட்பதில்லை. கேட்பது ஒரே ஒரு ஆடியோ ஃபைல்!

இதனால் ஒருவனுக்கு என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற பெயர் மேடியான். பிரான்ஸில் நாந்த் என்ற ஊர்ப் பையன், நிஜப் பெயர் யூகோ லெக்லெர்க், 1994இல் பிறந்தவன். 2010இல் ஆஸ்திரேலியாவின் பெண்டுலம் குழு 'தி ஐலண்ட்' என்ற தங்கள் பாட்டுக்கு ரீமிக்ஸ் போட்டி வைத்தது. ஜெயித்தது பதினாறு வயது மேடியான்! அந்த வயசில் நான் கணக்கு டியூஷனுக்குக் கட் அடிப்பதைத்தான் பெரிய சாகசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு நின்றானா? அடுத்த வருஷம் 'பாப் கல்ச்சர்' என்று ஒரு வீடியோ போட்டான். லாஞ்ச்பேட் என்கிற, எட்டுக்கு எட்டு அறுபத்து நாலு பட்டன் உள்ள தட்டையான பெட்டி, அதன் மேல் அவனுடைய இரண்டு கைகள், அவ்வளவுதான். விரல் பட்ட இடமெல்லாம் விளக்கு எரிகிறது, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு பாட்டின் துணுக்கு குதிக்கிறது, டாஃப்ட் பங்க் வருகிறார்கள், மடோனா வருகிறார், மைக்கேல் ஜாக்சன் வருகிறார், லேடி காகா வருகிறார், மொத்தம் 39 பாட்டு, மூணே சொச்சம் நிமிஷத்தில், ஒன்றோடொன்று முட்டாமல் மோதாமல், ஏதோ எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்த மாதிரி! நான் அதை முதல்முதலாகப் பார்த்த அன்று முடிந்ததும் திரும்பப் போட்டேன், திரும்ப முடிந்ததும் மறுபடி போட்டேன், பக்கத்து அறையிலிருந்த தம்பியைத் தரதரவென்று இழுத்துவந்து உட்காரவைத்துப் போட்டேன், அவன் பாதியில் எழுந்து போனதும் அவனோடு அன்று சாயங்காலம் வரை பேசவில்லை. இதற்கு மேல் கேளுங்கள்: 2012இல் அதே லேடி காகாவின் ஐரோப்பியக் கச்சேரிகளில் அவர் மேடை ஏறுவதற்கு முன்னால் வாசித்துக் கூட்டத்தைச் சூடேற்றியது இந்தப் பையன், 2013இல் வந்த அவருடைய 'ஆர்ட்பாப்' ஆல்பத்தில் மூன்று பாட்டுகளுக்குக் கூட்டுத் தயாரிப்பாளரும் இவனே! யாருடைய குரலைத் துணுக்காக வெட்டி ஒட்டினானோ அவருக்கே ரெண்டு வருஷத்தில் பாட்டு செய்துகொடுத்திருக்கிறான் ஐயா! இதை எழுதும்போதுகூட எனக்குக் கை பரபரக்கிறது.

சரி, ஜெயித்தவன் கதையை விடுங்கள். போட்டியில் கலந்துகொள்ளவே முடியாதவன் புகழ் வாங்கிய கதை ஒன்று இருக்கிறது, அது இதைவிட அட்டகாசம். 2008 ஏப்ரலில் ரேடியோஹெட் குழு 'நியூட்' பாட்டை ஐந்து ஸ்டெம்களாக உடைத்து ஐடியூன்ஸில் விற்றது. ஆமாம், விற்றது, கையில் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது, அதற்கு அப்போது சிலர் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். யார் வேண்டுமானாலும் ரீமிக்ஸ் செய்து ஏற்றலாம், ஓட்டுப் போடுவது ரசிகர்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. கிளாஸ்கோ ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டில் படித்த ஜேம்ஸ் ஹூஸ்டன் என்பவரும் ஒன்று செய்தார், ஆனால் அவர் முடிப்பதற்குள் போட்டியே முடிந்துவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தூக்கிப் போட வேண்டிய பழைய மெஷின்களைக் கூட்டி ஒரு இசைக்குழு அமைத்தார்! கிடார் வாசிப்பது ஸ்பெக்ட்ரம் என்ற எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர். டிரம்ஸ் அடிப்பது எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். நம் ஊர் கரன்ட் ஆபீஸில் 'கிர்ர்ர் கிர்ர்ர்' என்று பில் அடிக்குமே, அந்த ஜாதி. பேஸ் வாசிப்பது ஒரு ஸ்கேனர், முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து. பாடுவது யார்? வரிசையாக அடுக்கிய ஹார்ட் டிஸ்க்குகள், ஸ்பீக்கருக்குப் பதிலாக, கரகரவென்று! அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து பாட்டின் மெட்டு மெல்ல எழுந்து வரும்போது இரும்புக்குத் தொண்டை முளைத்தது போல இருக்கும். நான் கண் கலங்கினேன். ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்து! ஓட்டு எண்ணிக்கையில் முதலில் வந்தது யாருடைய ரீமிக்ஸ் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்ல வராது, ஹூஸ்டனின் பிரிண்டரை மட்டும் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகு கை சும்மா இருக்குமா? நானும் ஒரு போட்டியில் குதித்தேன். வெளிநாட்டுப் பாடகி ஒருத்தியின் சோகப் பாட்டு. எஃப் எல் ஸ்டூடியோ என்ற இசை சாஃப்ட்வேரில் குரலை இழுத்துப் போட்டு, வேகத்தை நிமிஷத்துக்கு 128 பீட்டுக்கு ஏற்றி, கிக் டிரம் விழும்போதெல்லாம் பேஸ் தானாக அடங்கி எழும்பும்படி சைட்செயின் வைத்து, ஒரே வரியை வெட்டி வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் வந்து நின்று, "டேய், யாருடா அந்தப் பொண்ணு, சொன்னதையே சொல்லிட்டிருக்கா? அவளுக்கு என்னதான் வேணுமாம்?" என்றாள். எல்லாம் சரியாக வந்தது, ஆனால் ட்ராப்புக்கு, அதாவது பீட் முழு பலத்தோடு வந்து விழும் இடத்துக்கு, முந்தைய அந்த ஒரு கணம் மட்டும் சப்பென்று இருந்தது. கையில் இருந்த எந்த ரெடிமேட் சத்தமும் ஒட்டவில்லை. அப்போது தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி ஷட்டரை இறக்கினார். ஆஹா! மேலே 'சரசர'வென்று ஆரம்பித்து, இறங்க இறங்க வேகம் பிடித்து, தரையில் 'டமார்' என்று விழுந்து, அதிர்வு அடங்கும் வரை ஒரு ரீங்காரம். மறுநாள் ராத்திரி போனை எடுத்துக்கொண்டு கடை வாசலில் காத்திருந்தேன். முதல் தடவை ஒரு ஆட்டோ ஹாரன் உள்ளே புகுந்துவிட்டது. "அண்ணாச்சி, இன்னொரு தடவை இறக்குவீங்களா?" "ஏன் தம்பி, நல்லாத்தானே விழுந்துச்சு?" இருந்தாலும் தூக்கி இறக்கினார், தங்கமான மனுஷன். அந்த 'டமார்' சரியாக ட்ராப்பின் முதல் கிக் மேல் உட்கார்ந்தது பாருங்கள், ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு இருட்டில் தனியாக ஆடினேன், என் வயசுக்கு அது கொஞ்சம் ஓவர் என்று தெரிந்தும் ஆடினேன், ஆடிவிட்டு வந்து திரும்ப அதே இடத்தைப் போட்டுக் கேட்டு மறுபடி ஆடினேன்.

ஏற்றிய பிறகு என்ன ஆயிற்று? ஜெயிக்கவில்லை. யாருக்குக் கவலை! சோறு சாப்பிடும்போதும் இடது கையில் போனை வைத்து எத்தனை பேர் கேட்டார்கள் என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், அதில் பாதி நான்தான் என்று எனக்கே தெரியும். ஆனால் முகம் தெரியாத ஒரு போலந்துக்காரன், நடுவில் வருகிற அந்த இரும்புச் சத்தம் எந்த சாஃப்ட்வேரில் செய்தது என்று கேட்டு எழுதியிருந்தான் பாருங்கள், அன்றைக்கு கிராமி எனக்குத்தான். அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா, போலந்துலயா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கிலோ சர்க்கரை கட்டப் போய்விட்டார்.

குறை ஒன்று சொல்லியே ஆகவேண்டுமென்றால், ஓட்டெடுப்புப் போட்டிகளில் நண்பர்கள் கூட்டம் அதிகமுள்ளவன் கொஞ்சம் முந்துவான். சொல்லியாச்சு, மேலே போவோம்.

நிஜ கிராமி பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கஜகஸ்தானில் அக்சு என்ற சின்ன ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்த இமான்பெக் என்ற பையன். போட்டிகூடக் கிடையாது, செயின்ட் ஜான் என்ற அமெரிக்கப் பாடகர் 2016இல் வெளியிட்டு அதிகம் பேர் கவனிக்காமல் கிடந்த 'ரோஸஸ்' பாட்டை 2019இல் தானாகவே எடுத்து, குரலைக் கீச்சென்று உயர்த்தி, அடியில் துள்ளும் பேஸ் வைத்து நெட்டில் விட்டான். 2020 மார்ச்சில் பிரிட்டனில் நம்பர் 1. 2021இல் சிறந்த ரீமிக்ஸுக்கான கிராமி விருது, அப்போது அவனுக்கு இருபது வயசு. அவன் பயன்படுத்தியதும் எஃப் எல் ஸ்டூடியோதான், என் ஓட்டைக் கம்ப்யூட்டரில் இருக்கிற அதே எஃப் எல் ஸ்டூடியோ!

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அடுத்த ரீமிக்ஸ் போட்டி அறிவிப்பு கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள். விதிமுறையில் உரிமை யாருக்கு என்கிற பத்தியை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு ஸ்டெம்மை இறக்குங்கள். எஃப் எல் ஸ்டூடியோவின் இலவச ட்ரயல் போதும், பாட்டை முடித்து ஆடியோவாக வெளியே எடுக்க அது விடும். ஆனால் ட்ரயலில் சேமித்த ப்ராஜெக்ட்டை மறுபடி திறந்து வேலையைத் தொடர விடாது, அதனால் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுந்திருங்கள்.