ஒரு தொட்டிலில் இரண்டு மொழிகள்

ஒரே சமயத்தில் இரண்டு மொழிகளைக் கேட்கும் குழந்தை குழம்பிவிடும் என்று நம்மிடையே பலர் கருதுகின்றனர். இதை ஆராயப் புகுவோர் வெர்னர் லியோபோல்டின் நூலைப் படித்தே ஆகவேண்டும். 1930-இல் அமெரிக்காவில் பிறந்த தம் மகள் ஹில்டகார்டிடம் அவர் ஜெர்மன் மொழியில் பேசினார். தாய் ஆங்கிலத்தில் பேசினார். குழந்தையின் பேச்சைக் குறித்துவைத்து, 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்.

நூலின் பெருமை அதன் பொறுமையான பதிவுகளில் உள்ளது. ஆனால் அதன் முடிவை அப்படியே ஏற்பதற்கில்லை. சுமார் இரண்டு வயது வரை இரு மொழிகளும் குழந்தையின் மனத்தில் ஒன்றாகவே கலந்திருக்கும் என்கிறார் லியோபோல்டு. குழந்தை சொற்களைக் கலந்து பேசியது உண்மையே. அதற்குக் காரணம் குழப்பம்தானா? ஒரு மொழியில் சொல் தெரியாதபோது மறுமொழிச் சொல்லைக் கடன் வாங்கியிருக்கலாம் அல்லவா? யாரிடம் எவ்வளவு கலந்தது என்று தனித்தனியே அளக்காமல் ஒரே மொழி என்று தீர்ப்புக் கூறலாகாது என்று 1989-இல் ஃபிரெட் ஜெனிசீ என்ற அறிஞர் சுட்டிக்காட்டினார். இயற்பியல் சோதனையிலும் விதி இதுவே: ஒன்றை மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துப் பார்க்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் வீட்டுக் குழந்தை ஒன்று 'பாலு' என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தெலுங்கா, பேச்சுத் தமிழா? இரண்டும்தான்! தண்ணீரை 'நீள்ளு' என்றால்தான் மொழி விளங்கும். ஜெர்மனும் ஆங்கிலமும் இவ்வாறே உறவு மொழிகள். இரண்டிலும் பந்துக்கு 'பால்' என்றே பெயர். இத்தகைய சொற்களைக் கொண்டு கலப்பை அளப்பது கடினம்.

2010-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த ஆய்வு மேலும் தெளிவு தருகிறது. கருவுற்ற காலத்தில் ஆங்கிலமும் தகலோகும் பேசிய தாய்மாரின் பச்சிளங்குழந்தைகள், இரு மொழிகளையும் விரும்பிக் கேட்டன. அவற்றைப் பிரித்தும் அறிந்தன. ரப்பர் காம்பைச் சப்பும் முறையில் ஏற்பட்ட மாற்றமே இதைக் காட்டியது.

லியோபோல்டின் பதிவுகளிலேயே நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. சுற்றிலும் ஆங்கிலமே ஒலித்ததால் பின்தங்கிய ஹில்டகார்டின் ஜெர்மன், ஐந்து வயதில் ஜெர்மனியில் தங்கியபோது தழைத்தது. மொழி தேய்வதற்குக் காரணம் இன்னொரு மொழி கூடுவதன்று. காதில் விழுவது குறைவதே. பள்ளிக்குப் போகும் பிள்ளை குழம்பும் என்றஞ்சி வீட்டுத் தெலுங்கையோ உருதுவையோ நிறுத்தும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.